இடது கையின் மூன்று விரல்கள்

என் வலது கைக்கு ஒன்றுமில்லை. இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இந்த மூன்றின் நுனி மட்டும் தோல் உரிந்து, வெடித்து, எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே இருக்கும் மோதிர விரல் மொழுமொழுவென்று இருந்தது. வலியைவிட அந்த ஓரவஞ்சனைதான் என்னைக் குடைந்தது.

எங்கள் ஊரான ஊரிகத்தில் காலை ரயிலேறி, பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகிறேன். ஒருநாள் வெள்ளைச் சட்டையின் காலரில் என் விரலிலிருந்து ரத்தப்பொட்டு ஒட்டிவிட்டது. சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை. மாத முடிவுக்குள் கை ஆறாவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். யார் சிபாரிசும் இல்லாமல் நானாகத் தேடிப் பிடித்த வேலை அது.

ராபர்ட்சன்பேட்டையில் தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு எக்ஸிமா என்றார். களிம்பு எழுதினார். அடிக்கடி தொடுகிற ஏதோ ஒன்றுதான் இதைக் கிளப்பிவிடுகிறது, அதை நிறுத்தாமல் களிம்பை மட்டும் தடவிப் பயனில்லை என்றார். வீட்டில் எதைத் தொடுகிறேன், வேலையிடத்தில் எதைத் தொடுகிறேன் என்று கேட்டார். சோப்புத்தூள், பாத்திர சோப்பு, எலுமிச்சம்பழம், சானிடைசர், புதுத்துணி என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கச் சொன்னார்.

துப்பறியும் வேலை எனக்குப் பிடித்துப்போனது. பாத்திரத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டினேன். எலுமிச்சையை, சுடுதண்ணீரை, சானிடைசரை விட்டேன். விரல்கள் மசியவில்லை. ஆயுத பூஜைக்குச் சேர்த்து விட்ட லீவில் மட்டும் வெடிப்பு தானாக மூடத் தொடங்கியது. வேலைக்குத் திரும்பியதும் மறுபடி எரிச்சல்.

"துணிதான் உனக்கு ஒத்துக்கல. வேலைய உட்டுடு," என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்ற பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. துணியை அதிகம் தடவிப் பார்ப்பது என் வலது கைதான். அது ஏன் நன்றாக இருக்கிறது?

சாயங்கால ரயிலில் இதையே புலம்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்றவைக்க வசதியாக, எங்கள் பெட்டியில் எல்லோரும் காய் நறுக்குவோம், கீரை ஆய்வோம். எனக்குக் கத்தி வேகமாக ஓடும் என்பதால் பூண்டு என் பங்கு. அத்தனை வீட்டுக்கும் நான்தான் உரிப்பேன். எதிர் சீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஆண்டர்சன்பேட்டை அக்கா, என் கையையே பார்த்தார்.

"இன்னாம்மா, பூண்ட எந்தக் கையில புடிச்சினுகீற?"

குனிந்து பார்த்தேன். வலது கையில் கத்தி. பூண்டுப் பல்லைப் பிடித்திருந்தவை அதே மூன்று விரல்கள். டாக்டரம்மா கேட்டது வீட்டையும் வேலையிடத்தையும். ரயில் இரண்டிலும் சேர்த்தி இல்லையே, அதனால் எனக்கு வாயில் வரவேயில்லை. லீவு நாட்களில் ரயிலும் இல்லை, வீட்டில் டப்பாவிலிருந்த உரித்த பூண்டைக் கரண்டியால் எடுத்துப் போட்டிருக்கிறேன். பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். பூண்டை அக்காவின் மடியில் கொட்டிவிட்டு பீன்ஸை வாங்கிக்கொண்டேன்.

மாதம் முடிவதற்குள் தோல் மூடிவிட்டது. சூப்பர்வைசர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதே மேஜையில் உட்காரச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"வேலைய உடல. பூண்டத்தான் உட்டுட்டேன். இனிமே அதையும் நீங்களே உரிங்க."