மாமாவின் தோணிப் பேர்

என் மகன் வீட்டு வாசலுக்கு மேலே ஒரு பலகைத் துண்டு தொங்குகிறது. நீலப் பெயின்றில், ஆங்கில எழுத்தில், 'லூசியஸ்' என்று எழுதியிருக்கும். அது மாமாவின் தோணிப் பலகை.

அம்மாவின் தம்பியான மாமா சிறுவயதில் இலத்தீன் பூசைக்கு உதவி செய்தவர். செபங்களெல்லாம் மறந்துபோய், இந்த ஒரு பேர்தான் அவருக்கு மிஞ்சியது. ரோமாபுரியில் ராசாவைத் துரத்தியவனுக்கும் அதே பேர், பின்னால் வந்த சக்கரவர்த்திக்கும் அதே பேர், மூன்று பாப்பரசர்களுக்கும் அதே பேர். விடியலில் பிறக்கிற பிள்ளைக்கு வைப்பார்களாம். நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அதையே வைக்கச் சொல்லி நச்சரித்தார். எனக்கோ நல்ல தமிழ்ப் பேர் வேண்டும். "அவ்வளவு ஆசையெண்டா உங்கட தோணிக்கு வையுங்க மாமா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மனுசன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் போய்த் தோணியில் எழுதிவிட்டார்.

அது சண்டைக் காலம். நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தோம். ஆஸ்பத்திரி வாவிக்கு அப்பால், கிழக்கே எழுவான்கரையில். எனக்கு நோவு கண்டதும், நிலம் வெளுக்கும் நேரம் மாமா தோணியை எடுத்தார். அக்கரைத் துறையில் ஆமிக்காரன் மறித்தான். தோணியில் பேரைப் பார்த்தானோ இல்லையோ, துவக்கை நீட்டினான். இயக்கப் பேர் என்று நினைத்துவிட்டான்!

"யாரு லூசியஸ்? புலியா?"

மாமாவுக்கோ வாய் நிற்கவில்லை. ராசாவைத் துரத்தியவனில் தொடங்கினார். அதைக் கேட்டதும் அவன் முகம் இன்னும் இறுகியது.

"இப்ப எங்க இருக்கிறது?"

"எல்லாரும் செத்துப் போயிட்டாங்க சேர்."

"லூசியஸ் கூப்பிடு. பிறகு போ."

எனக்கென்றால் உயிர் போய் வந்துகொண்டிருந்தது. மாமா மீது வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அடுத்த நோவு எடுத்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "இவன்தான் லூசியஸ்! இன்னும் மறிச்சா இதிலேயே வந்திருவான், பாருங்க!"

அவன் மிரண்டு போனான். பிறகு சிரித்துவிட்டு, தானே தோணியைப் பிடித்து என்னை இறக்கிவிட்டான்.

பத்து மணிக்குப் பிள்ளை பிறந்தது. நல்ல காலம், ஆண்பிள்ளை. "விடிஞ்சு எவ்வளவு நேரம்! உங்கட பேர் பொருந்தாது மாமா" என்றேன். "ரோமாபுரியில இப்பதான்கா விடியுது" என்றார். ஆனால் துறையில் ஆமிக்காரனுக்குக் கொடுத்த வாக்கைத் தட்ட மனமில்லை. ஞானஸ்நானத்தில் சுவாமி கேட்டபோது நானே அந்தப் பேரைச் சொன்னேன். சாகும்வரை மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்: "பேர் வச்சது நானில்ல, தாய்தான். ஆமிக்காரன் சாட்சி."

இப்போது மாமாவும் இல்லை, தோணியும் இல்லை. போன கிழமை பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் பலகையைப் பார்த்துவிட்டு, "மகனுக்கு ஆர் இந்தப் பேர வச்ச?" என்று கேட்டாள்.

"என்ட மாமா" என்றேன்.