எல்லோருக்கும் ஒரே லிங்க்

என் வகுப்பில் பாரபட்சமே கிடையாது என்று எனக்கு ஒரு பெருமை. மலேசியாவில், மெர்லிமாவுக்கு வெளியே ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியை நான். மீத்திறன் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் சோதனைக்கு இணையப் பதிவு தொடங்கியதும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லிங்க்கை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

கடைசி நாள் காலை, யார் யார் பதிந்தீர்கள் என்று குழுவில் கேட்டேன். ஆறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஆறும் டவுன் பிள்ளைகள். செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து சத்தமே இல்லை. ஒரு நாள் நான் பலகையில் போட்ட எண் புதிரைப் பார்த்து, "டீச்சர், எந்த நம்பர் போட்டாலும் இது வராது. நடுவுல நீங்க தப்பா போட்டுட்டீங்க" என்றவள் அவள். அன்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் தப்பு என்னுடையதுதான்.

மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. அவள் வீட்டுக்கே போய்ப் பதிந்துவிட்டு வருகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன்.

"ஒரு வீட்டுக்கு மட்டும் தேடிப் போனா மத்தவங்க கேப்பாங்க லா, டீச்சர்" என்றார்.

நேற்றுவரை நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பள்ளி விட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினேன்.

அவளுடைய அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை முடிந்து வந்து, பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் அனுப்புன மெசேஜ் பாக்கலையாம்மா?"

"பாத்தேன் டீச்சர். மலாய்ல நீளமா இருந்துச்சி. நீங்கதானே போன மாசம், தெரியாத லிங்க் எதையும் அமுக்காதீங்க, ஏமாத்துறாங்கன்னு குரூப்ல போட்டீங்க? அதான் அமுக்கல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் குழுவிலேயே என் பேச்சைத் தட்டாமல் கேட்டவர் இவர் ஒருவர்தான். டவுன் பெற்றோருக்கு அது என்ன சோதனை என்று முன்பே தெரியும். இவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லையே.

வீட்டுக்குள் லைன் கிடைக்கவில்லை. அம்மா, மகள், நான் மூன்று பேரும் தோட்டத்துக் கோயில் பக்கம் போய் நின்றோம். மின்னஞ்சல் முகவரி கேட்டது. அவர்களிடம் இல்லை, புதிதாகத் திறந்தோம். கடவுச்சொல்லைத் தட்டும்போது நான் பார்த்துவிடாதபடி அந்தக் குட்டி கையால் மறைத்துக்கொண்டாள். பதிவு முடிந்தபோது மணி நான்கே முக்கால். சோதனையைப் பிறகு பள்ளிக் கணினியில் எழுதினாள்.

அடுத்த வாரம் ஒரு டவுன் அம்மா வாசலில் மறித்தார். "எங்க வீட்டுக்கெல்லாம் நீங்க வரவே இல்லையே டீச்சர்?"

"வந்திருந்தா டீ குடிச்சிட்டுத் திரும்பியிருப்பேம்மா. உங்க பிள்ளைக்குத்தான் முதல் நாளே பதிஞ்சாச்சே."

அவர் அரை மனதோடு சிரித்தார். எனக்கு அது போதும்.

சில வாரம் கழித்து, வகுப்பு நடக்கும்போதே தோட்டத்து அம்மா அழைத்தார். "டீச்சர், ஒரு மெசேஜ் வந்திருக்கு. தஹ்னியான்னு வாழ்த்து சொல்லி, பாப்பா பேரு போட்டிருக்கு. அடுத்த சோதனைக்கு வரச் சொல்றாங்க போல. கீழ ஒரு லிங்க் இருக்கு." குரல் தயங்கியது. "அமுக்கலாமா?"

"அமுக்குங்கம்மா, அமுக்குங்க!"

நான் போட்ட சத்தத்தில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. பென்சிலைக் கடித்தபடி அவளும் பார்த்தாள்.