சரி போட்ட பெயர்

மருதமுனையில் கடலுக்குக் கிட்ட இருந்த ஒரு பள்ளிவாசலில் ஸைனுலாப்தீன் கிளாக்கராகச் சேர்ந்தது 1974இல். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. அவருக்கு முன் இருந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் மறந்துவிடுவார். நிக்காஹ் பதிவில் மாப்பிள்ளையின் வாப்பா பெயர் எழுதப்படாமல் கிடக்கும். அடக்கக் குழி வெட்டும் முறை யாருக்கென்று தெரியாமல் ஜனாஸா வீட்டார் வீதியில் நின்று சண்டை பிடிப்பார்கள். வெளியூர் மௌலவியை வரச்சொல்லிக் கடிதம் போட்டுவிட்டு, அவர் வந்திறங்கும் நாளில் தங்குவதற்கு அறை துப்பரவாக்காமல் இருக்கும்.

ஸைனுலாப்தீன் வந்து ஆறு மாதத்தில் இதெல்லாம் நின்றுபோனது. அவர் செய்தது பெரிய வித்தையொன்றுமில்லை. எண்பது பக்கக் கொப்பி ஒன்றைக் குறுக்காக இரண்டாக வெட்டி, தறி நூலால் தைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விடியலில் சுபஹு தொழுதுவிட்டுத் தேநீர் குடிக்கும்போது அன்றைய வேலைகளை வரிசையாக எழுதுவார். முடிந்த வேலைக்கு முன்னால் சிவப்புப் பென்சிலால் ஒரு சரி. பொழுதுபட்டு மஃரிபு தொழுவதற்கு முன் மிஞ்சிக் கிடப்பதை அடுத்த நாள் பக்கத்துக்கு மாற்றி எழுதுவார். யாரும் வீதியில் மறித்து ஒரு விசயம் சொன்னால், "பொறுங்க" என்று கொப்பியை எடுப்பார். எழுதி முடித்த பிறகுதான் ஸலாம் சொல்லிப் போவார்.

"கிளாக்கர்ட கொப்பியில ஏறினா அது நடந்த மாதிரித்தான்" என்று பள்ளிவாசல் தலைவர் அப்துல் ஸமட் மரைக்கார் பெருமையாகச் சொல்வார். ஸைனுலாப்தீனுக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு விழுந்திருந்தால் அன்றிரவு அவருக்கு நல்ல தூக்கம் வரும் என்று அவருடைய மனைவி முனவ்வறா சிரிப்பாள்.

அந்தச் சரியில் ஒரு பிழை இருந்தது. வேலையை ஒருவரிடம் ஒப்படைத்ததுமே அவர் சரி போட்டுவிடுவார். ஒப்படைத்தவர்கள் நம்பிக்கையானவர்கள், நாலு வருசமாக யாரும் அவரைக் கைவிடவில்லை. அதனால் அது பிழை என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

1978 நவம்பர் இருபத்துமூன்று, வியாழக்கிழமை. காலையிலிருந்தே வானம் கருகி, காற்று விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. பகல் வானொலியில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். லுஹர் தொழுகை முடிந்ததும் மரைக்கார் பள்ளிக் கந்தோருக்குள் வந்தார்.

"ஸைனுலாப்தீன், கடற்கரை வீட்டுச் சனத்த இஞ்ச கூப்பிடணும். கல்லு வீடு இல்லாத ஆக்கள் எல்லாரையும். பொழுதுபட முதல்."

ஸைனுலாப்தீன் பத்து நிமிடத்தில் பட்டியல் எழுதினார். தென்னங்கிடுகுக் கூரையும் களிமண் சுவரும் கொண்ட இருபத்துமூன்று வீடுகள். நாலு பேரைக் கூப்பிட்டு வீடுகளைப் பிரித்துக் கொடுத்தார். பள்ளியின் எடுபிடி வேலைகளையெல்லாம் பார்க்கும் றஸாக்குக்கு வடக்கு முனையில் ஆறு வீடுகள். அதில் கடைசி, றுகையாவின் வீடு. றுகையா புருசனை இழந்தவள். தறி நெய்து பிழைப்பவள். பாரிசவாதத்தில் கிடையாய்க் கிடந்த தன் உம்மா சபியா உம்மாவோடு தனியே இருந்தாள்.

"றஸாக், கடைசி வீட்டில கிழவிய ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும். கவனம்."

"நான் பாக்கன் காக்கா" என்று அண்ணனிடம் சொல்வதுபோலச் சொல்லி றஸாக் சைக்கிளை மிதித்தான்.

நாலு பேரும் போனதும் ஸைனுலாப்தீன் இருபத்துமூன்று பெயருக்கும் சரி போட்டார்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு சனம் வரத் தொடங்கியது. பாய், தலையணை, கோழிக்கூடு, கைக்குழந்தை எல்லாவற்றோடும் வந்தார்கள். வாசலில் நின்று வந்தவர்களின் பெயரை அவர் வேறொரு தாளில் எழுதினார். காற்று தாளைப் பறித்தது. மழை சரிந்து வந்து எழுத்தைக் கரைத்தது. பட்டியலில் இல்லாதவர்களும் சேர்ந்து முந்நூறு பேருக்கு மேல் உள்ளே வந்த பிறகு எழுதுவதை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தும் வேலையில் இறங்கினார்.

அந்த நேரத்தில்தான் சல்மா உம்மா நெருக்கத்தில் இடித்துக்கொண்டு அவரிடம் வந்தாள். றுகையாவின் அடுத்த வீட்டு வளவுக்காரி.

"கிளாக்கர் தம்பி, றுகையாவக் காணல்ல. உம்மாவத் தூக்கிட்டு வந்தாளா? இல்லாட்டி என்ட மகன அனுப்பட்டா?"

ஸைனுலாப்தீன் கொப்பியைத் திறந்தார். வரிசையின் கடைசியில் றுகையா. முன்னால் சிவப்புச் சரி.

"சொல்லியாச்சி ராத்தா. வந்திரிப்பா. உள்ளுக்குப் பாருங்க" என்றார்.

சல்மா உம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு மாமரம் வேரோடு சாய்ந்தது. பிறகு யாரும் கதவைத் திறக்கவில்லை. ஓடுகள் பறந்தன. தென்னைகள் முறியும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது. உள்ளே சனம் விடியும்வரை ஓதிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் வந்தபோது ஊரில் தலையுள்ள தென்னை ஒன்றும் மிஞ்சவில்லை. மரைக்கார் சொன்னார்: "ஆர் ஆர் இரிக்காங்க எண்டு வீடு வீடாப் பட்டியல் போடு. சாப்பாடு கேட்டு அரசாங்கத்துக்கு அனுப்பணும்."

ஸைனுலாப்தீன் சனத்துக்கு நடுவே நடந்து ஒவ்வொரு குடும்பமாக எழுதினார். பிறகு கொப்பியில் இருந்த இருபத்துமூன்று வீடுகளோடு ஒப்பிட்டார். இருபத்திரண்டு. திரும்ப எண்ணினார். இருபத்திரண்டு.

"றஸாக்!"

றஸாக் தூணோரம் தன் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தான். அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. ஸைனுலாப்தீனின் முகத்தைக் கண்டதுமே அவன் எழும்பிவிட்டான்.

"றுகையாக்குச் சொன்னயா?"

அவன் மனைவியின் பக்கம் பார்த்தான்.

"வாயத் திற. சொன்னயா இல்லயா?"

"அஞ்சு வீட்டுக்குச் சொன்னன் காக்கா. கடைசிக்குப் போகக்குள்ள எனக்கு முன்னால தென்ன விழுந்திச்சி. வீட்டில இவ மாசமாத் தனிய... கிறுகி வந்திட்டன். உங்களுக்கிட்டச் சொல்லுவம் எண்டுதான் வந்தன். வாசல்ல சனம். மறுகா பயத்தில சொல்லல்ல."

ஸைனுலாப்தீன் அவனை அடிக்கக் கையைத் தூக்கவில்லை. தூக்கத் தனக்கு என்ன உரிமை என்று அவருக்கு உள்ளே உறுத்தியது. சல்மா உம்மாவின் மகன் போக ஆயத்தமாக இருந்தான். அவனைத் தடுத்தது தன் வாய்.

இருவரும் ஓடினார்கள். கால் மைல் தூரம். விழுந்த மரங்களுக்கு மேலால் ஏறியும் கீழால் தவழ்ந்தும் போக ஒரு மணித்தியாலமானது. வேலிகள் இல்லை. எந்த வளவு யாருடையது என்று தெரியவில்லை. ஒழுங்கைப் பாதைகளை மணல் மூடியிருந்தது. கிணற்றின் கட்டுச் சுவரை வைத்துத்தான் றுகையாவின் வளவை றஸாக் அடையாளம் கண்டான்.

வீடு இருந்த இடத்தில் களிமண் குவியல். பக்கத்தில் தறிக் கொட்டில் தட்டையாக விழுந்து, அதன் மேல் ஒரு தென்னை குறுக்கே கிடந்தது.

"றுகையா!" என்று ஸைனுலாப்தீன் கத்தினார். கடலின் இரைச்சல் மட்டும். "றுகையா! சபியா உம்மா!"

றஸாக் மணலில் குந்தி அழத் தொடங்கினான். ஸைனுலாப்தீன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"சத்தம் போடாத. கேளு."

டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், டொக், டொக். மரத்தில் மரம் தட்டும் சத்தம். கொட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

இருவரும் கிடுகுகளைக் கையால் கிழித்தார்கள். தறி நொறுங்கவில்லை. அதன் தடித்த கால்கள் கூரை வளைமரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றன. நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழிக்குள் சபியா உம்மாவை இருத்தி, அவளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு றுகையா கிடந்தாள். குழியில் இடுப்பளவு மழைத் தண்ணீர். றுகையாவின் கையில் நூல் ஓட்டும் மரத் தறி நாடா இருந்தது. அதனால்தான் தட்டியிருக்கிறாள்.

"உம்மாவ முதல்ல எடுங்க" என்றாள். குரல் அடைத்திருந்தது. "விறைச்சிப் போயிட்டா. கதைக்காம கிடக்கா."

விழுந்து கிடந்த கதவொன்றில் சபியா உம்மாவைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். வழியில் அவளுடைய கண் திறந்தது. ஸைனுலாப்தீன் அல்லாஹ்வைப் புகழ்ந்தார். ஆனால் நெஞ்சில் சளி கட்டி, ஆசுபத்திரியில் ஐந்தாம் நாள் அவள் மௌத்தானாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், அகதிகள் தங்கியிருந்த பாடசாலைக்கு ஸைனுலாப்தீன் போனார். றுகையா விறாந்தையில் இருந்தாள். சல்மா உம்மா பக்கத்தில் இருந்தாள். போகவேண்டாம் என்று முனவ்வறா சொல்லியிருந்தாள். துக்கத்தில் இருப்பவளிடம் இப்போது இதைச் சொல்வதா என்று. அவரால் இருக்க முடியவில்லை.

"றஸாக்க ஏசாதீங்க தங்கச்சி" என்றார். "அவன் பாதியில வந்தது உண்ம. ஆனா சல்மா ராத்தா கேட்டாங்க. மகன அனுப்பட்டா எண்டும் கேட்டாங்க. நான்தான் வந்திரிப்பா எண்டு சொன்னன். கொப்பியில சரி போட்டிருந்தன்."

றுகையா கையை நீட்டினாள்.

"அந்தக் கொப்பி இரிக்கா?"

கொடுத்தார். அவள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். பக்கத்தைத் திருப்பித் தன் பெயரைத் தேடிக் கண்டு, அதில் விரலை வைத்தாள்.

"நான் வந்திட்டன் எண்டா போட்டிருக்கீங்க?"

"இல்ல. சொல்லியாச்சி எண்டு."

"சொன்னது ஆரு?"

அவள் கொப்பியைத் தரையில் வைத்து அவர் பக்கமாகத் தள்ளினாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று பின்னேரமே அவர் மரைக்காரிடம் போய், "எனக்கு இந்த வேல வேணாம்" என்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மரைக்கார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ போனா நிவாரணப் பட்டியல ஆரு எழுதுற? இந்தக் கிழமைக்குள்ள குடுக்கணும்" என்றார். "பிழையச் செய்தவன் நீ. அதச் சீராக்கத் தெரிஞ்சவனும் நீதான். இரி."

அவர் இருந்தார். ஆனால் எழுதும் முறையை மாற்றினார். ஒப்படைத்த வேலைக்கு இனி ஒரு சரிந்த கோடு மட்டும். செய்தவன் திரும்பி வந்து சொன்ன பிறகு, அல்லது தானே போய்ப் பார்த்த பிறகுதான் அதன் மேல் குறுக்காக இரண்டாவது கோடு. மஃரிபுக்கு முன் ஒற்றைக் கோட்டோடு நிற்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் போய் விசாரிப்பார். நிவாரண அரிசி கொடுத்த நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச்சேர ஒன்பது மணியாகும். "கண்ணால கண்டயா?" என்ற கேள்வியை அவர் கேட்டுக் கேட்டு, ஊரில் சிலர் அவருக்கு அதையே பட்டப்பெயராக வைத்தார்கள். முன்பு போலப் பக்கம் முழுக்கச் சிவப்பாகவில்லை. முன்பு போலத் தூக்கமும் வரவில்லை என்று முனவ்வறா சொல்வாள். றஸாக்கை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று சிலர் கேட்டபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

றுகையா அரசாங்கம் கொடுத்த தகரத்தில் கொட்டில் போட்டுத் திரும்ப நெய்யத் தொடங்கினாள். வீதியில் அவரைக் கண்டால் முகம் பாராமல் போய்விடுவாள். ஆறு வருசம் அப்படியே போனது.

1984இல் ஒரு நாள் அவள் பள்ளிக் கந்தோர் வாசலில் வந்து நின்றாள். புயல் நேரம் கொழும்பில் வேலைக்கிருந்த அவளுடைய தம்பி முனாப் சவூதிக்குப் போய் மூன்று வருசம். பதினாலு மாதமாகக் கடிதமில்லை. போன இடத்தில் கட்டடம் இடிந்து ஆட்கள் செத்ததாக ஒருவன் வந்து சொல்லியிருந்தான்.

"எங்க எழுதிக் கேக்கணும் எண்டு எனக்குத் தெரியா" என்றாள். "உங்களுக்குத் தெரியும் எண்டாங்க."

ஸைனுலாப்தீன் கையிலிருந்த வேலையை வைத்தார். கம்பெனிக்கு ஒன்று, கொழும்பில் வெளிநாட்டு அமைச்சுக்கு ஒன்று என்று அவள் முன்னாலேயே எழுதினார். இருவருமாகத் தபால் கந்தோருக்கு நடந்தார்கள். பதிவுத் தபால் துண்டுகளை அவளிடமே கொடுத்தார். பிறகு மாதத்துக்கொரு முறை அமைச்சுக்கு நினைவூட்டல் போட்டார். இரண்டாவது மாதம் பதிலில்லை. மூன்றாவது மாதமும் இல்லை. ஒவ்வொரு முறையும் அவரே போய், "இன்னம் வரல்ல" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார். அவள் "ஓம்" என்பாள். அவ்வளவுதான்.

நாலாம் மாதம் பள்ளி விலாசத்துக்கு ஒரு வான்கடிதம் வந்தது. உறையில் இருந்த எழுத்து முனாபுடையது இல்லை. ஸைனுலாப்தீன் அதைப் பிரிக்கவில்லை. வெயிலில் வேகமாக நடந்து றுகையாவின் கொட்டிலுக்குப் போனார். அவள் தறியை நிறுத்திவிட்டு உறையைப் பார்த்தாள்.

"நீங்களே படிங்க" என்றாள்.

அவர் கிழித்தார். முதல் வரியை மனதுக்குள் படித்தார். பிறகு சத்தமாக: "ராத்தா, நான் ஹயாத்தோட, உசிரோட இரிக்கன். வலக்கை முறிஞ்சிட்டு. இத என்ட கூட்டாளி எழுதுறார்..."

றுகையா தறிச் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். முழுக்கப் படித்து முடிக்கும்வரை நிமிரவில்லை. படித்து முடித்ததும் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"இரிங்க காக்கா" என்றாள். "தேத்தண்ணி ஊத்திட்டு வாறன். பதில் எழுதணும். விலாசத்த எனக்கும் ஒருக்கா எழுதிக் காட்டுங்க."