பேஸ் கிட்டாருக்குச் செய்த பூசை

பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கென்று ஒரு தலைவிதி இருக்கிறது. கச்சேரி முடிந்ததும் பாடியவளைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். கீபோர்ட் வாசித்தவரோடு நாலு பேர் படம் எடுப்பார்கள். நம்மிடம் மட்டும் யாராவது ஒருவர் வந்து, "நீங்கள் என்ன வாசிச்சனீங்கள்?" என்று அன்பாகக் கேட்பார். வெளியாட்கள் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரரே கேட்டார். கல்யாணமான புதிதில் என்னுடைய பழைய கச்சேரி ஒன்றின் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினேன். முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கு. இதிலை நீர் எங்கை வாறீர்?" என்றார். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. அவரையும் மறக்க விடவில்லை.

நான் பேஸுக்கு வந்ததே வேறு யாரும் அதைத் தொடாததால்தான். நாங்கள் ஜேர்மனியில் இருந்தபோது அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தோம். அண்ணைமார் ஆளுக்கொரு கிட்டாரையும் கீபோர்டையும் பிடித்துக்கொண்டார்கள். மிஞ்சியது, பக்கத்து வீட்டு ஜேர்மன்காரர் வீடு மாறும்போது விட்டுப்போன, பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரம் போடுகிற நாலு கம்பிப் பேஸ். பெண்பிள்ளைதானே, சத்தம் வெளியே கேட்காத வாத்தியம் போதும் என்று அதை என் கையில் தந்தார்கள். அந்தக் கோபத்திலேயே நன்றாகப் பழகிவிட்டேன்.

அந்தப் பேஸ் என்னோடு லண்டனுக்கும் வந்தது. செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் சில காலம் ஒளிந்திருந்தது. அதை வெளியே இழுத்தது சோல் பாட்டுகள். அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள் பதிவுசெய்த பாட்டுகள் அவை. நூலகத்தில் ஒரு சீடியை எடுத்துவந்து, ஈஸ்ட் ஹாமில் நான் வேலை செய்யும் பல் வைத்தியசாலைக்குப் போகும் வழியில் கேட்டேன். அன்றைக்கு இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. காதுக்குள் பாடியவரை விட்டுவிட்டு, அடியில் போன பேஸின் பின்னாலேயே நான் போய்க்கொண்டிருந்தேன்.

நம்மவர் கச்சேரிகளில் பேஸ் என்றால் 'டிங் டிங்' என்று மினுங்க வேண்டும் என்பார்கள். இந்தப் பதிவுகளில் அப்படி இல்லை. 'தும்' என்று ஒரு சத்தம் வரும், வந்த வேலையை முடிக்கும், போய்விடும். வலக்கையில் சிலர் ஒரேயொரு விரலால் முழுப் பாட்டையும் வாசித்தார்களாம். இடக்கை விரலைக் கம்பியிலிருந்து சற்றே தளர்த்தினால் சுரம் செத்து, 'டக்' என்று வெறும் தட்டல் மட்டும் மிஞ்சும். அந்தச் செத்த சத்தங்களைச் சுரங்களுக்கு நடுவே தூவித்தான் பாட்டை நடக்க வைத்தார்கள். கம்பிகள் உலோக நாடாவால் தட்டையாகச் சுற்றியவை, பழையவை. அடியில், கம்பிகள் முடிகிற இடத்தில் ஒரு துண்டு ஸ்பொஞ்சைச் செருகி வைப்பார்கள், சுரம் நீளாமல் இருக்க. இதையெல்லாம் வாசித்து அறிந்த அன்று ஓடிப்போய் என் பேஸைப் பார்த்தேன். ஜேர்மன்காரர் போட்ட அதே தட்டைக் கம்பிகள், அடியில் கறுத்துப்போன ஒரு ஸ்பொஞ்ச். இத்தனை காலமும் புதையலை அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு மூக்கால் அழுதிருக்கிறேன்.

2009இல் பல்வலியோடு வைத்தியசாலைக்கு வந்த ஒருத்தியால்தான் அடுத்தது நடந்தது. பஸ் ஓட்டுகிறவள், என் வயதுதான் இருக்கும். கன்னம் வீங்கியிருந்தது. ஆனாலும் என் வரவேற்பு மேசையில் இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். கணினியில் அவளுடைய விபரங்களைத் தட்டிக்கொண்டே, அவள் விட்ட இடங்களில் நான் பேனாவால் தட்டினேன். வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள். அவள் டிரம் வாசிப்பவள், சோல் பாட்டுக்குழு ஒன்று வைத்திருக்கிறாள், அவர்களுடைய பேஸ்காரர் ஊர் மாறிப் போய்விட்டார் என்பதெல்லாம் பல் பிடுங்கிய பிறகு வாயில் பஞ்சோடு சொன்னாள்.

ஒத்திகைக்குப் போனேன். என் சத்தம் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் இடம் தருவதாகச் சொல்லவில்லை. ஒரு பாட்டில் நடுவே ஓரிடம் வரும். மற்ற எல்லாரும் போய்க்கொண்டிருக்க, பேஸ் மட்டும் நின்றுவிட வேண்டும். நாலு தாள வட்டம் வெறுமையாக இருந்து, பிறகு உள்ளே இறங்க வேண்டும். எனக்கு முன்பு வந்த இருவரும் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் எதையாவது வாசித்து நிரப்பினார்களாம். மக்கள் முன்னால் நான் அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேனா என்று பார்த்த பிறகுதான் முடிவு சொல்வாளாம். இலஃபோர்டில் ஒரு பப்பின் பின்னறையில் திங்கட்கிழமை பின்னேரம் அந்தச் சோதனை. எனக்குக் குழுவில் இடம் வேண்டும். அவ்வளவு ஆசையாக எதையும் நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒருவர் விட்டுப்போனதையோ வேண்டாம் என்றதையோ அல்லாமல், நானே விரும்பிக் கேட்ட முதல் இடம் அது.

அந்தத் திங்கள் விஜயதசமி. முதல் நாள் ஞாயிறு சரஸ்வதி பூசை. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீசியன். வருடத்தில் அந்த ஒரு நாள் தன்னுடைய ட்ரில், குறடு, டெஸ்டர் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து மினுக்கி அம்மன் முன்னால் வைப்பார். பேஸையும் வைக்கலாம் என்று அவரே சொன்னபோது நான் பூரித்துப்போனேன். நான் குசினியில் உழுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவர் விசிலடித்துக்கொண்டு வேலை செய்தார். பூசை நேரத்தில் போய்ப் பார்த்தால், பேஸுக்கு என் கூறைச் சேலையைச் சுற்றி, தலையில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். கண் கலங்கியது. பூசைக்கு வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் தொடவில்லை.

திங்கள் காலை சேலையை அவிழ்த்தேன். பேஸ் பளபளவென்று இருந்தது. கம்பிகளும் பளபளவென்று இருந்தன. ஒன்றைச் சுண்டினேன். 'கணீர்' என்று கோயில் மணி அடித்தது. அடித்தது நிற்கவும் இல்லை.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"கம்பியெல்லாம் கறள் பிடிச்சுக் கிடந்தது. பூசைக்கு வைக்கிற சாமானை அப்பிடியே வைக்கலாமே? திறமான கம்பியாய் வாங்கி மாத்தினனான்."

"அடியிலை இருந்த ஸ்பொஞ்ச்?"

"அந்த ஊத்தைத் துண்டோ? அதை எறிஞ்சுபோட்டன்."

"பழைய கம்பி? அதாவது இருக்கோ?"

அவர் முகத்தில் பெருமை. "அது நல்ல பலமான கம்பி. எறிய மனம் வரேல்லை. துண்டு துண்டாய் வெட்டிப் போஞ்சிக்கொடிக்குக் கட்டியிருக்கிறன்."

யன்னலால் எட்டிப் பார்த்தேன். பின்வளவுத் தோட்டத்தில் போஞ்சிக்கொடிகள் என் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு சுகமாக நின்றன. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜேர்மன் மொழியில் திட்டினேன். அவருக்கு விளங்காத பாஷையில் திட்டினால்தான் எனக்குத் திருப்தி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "உம்மடை சத்தம் ஒருத்தருக்கும் கேக்குதில்லை எண்டு நீர்தானே கவலைப்படுறனீர்? கடைக்காரப் பொடியன் சொன்னான், இந்தக் கம்பி போட்டால் கடைசி வரிசையிலை இருக்கிறவனுக்கும் கேக்குமாம்."

அதற்குப் பிறகு எப்படித் திட்டுவது? ஆனாலும் அன்றைக்குப் பின்னேரம்தான் சோதனை. பழைய கம்பி கையெடுத்ததும் வாயை மூடிக்கொள்ளும். புதுக் கம்பி ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். கையால் எவ்வளவுதான் அமத்தினாலும் ஒரு ரீங்காரம் மிஞ்சும். நாலு வட்டம் வெறுமையாக விட வேண்டிய இடத்தில் அது இழுத்துக்கொண்டே கிடந்தால் என் கதை முடிந்தது. வேலையிலிருந்து கடைக்குப் போன் எடுத்தேன். தட்டைக் கம்பி இல்லை, சொல்லி எடுப்பிக்க வேண்டும் என்றார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும் புது ஸ்பொஞ்ச் ஒன்றைக் கத்தரித்துக் கம்பிகளின் அடியில் செருகினேன். மணிச்சத்தம் பாதி குறைந்தது. மிச்சப் பாதியோடு, ஒரு டப்பாவில் வடையும் எடுத்துக்கொண்டு, அவருடைய வான் வண்டியில் பப்புக்குப் போனோம்.

நான் முதல் சுரத்தை வாசித்ததும் டிரம்காரி புருவத்தை உயர்த்தினாள். இது உன் சத்தம் இல்லையே என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாளே தவிர, சோதனையைத் தள்ளிப்போடுகிறேன் என்று சொல்லவில்லை. தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. பதற்றம் வந்தால் எனக்குப் பசிக்கும். மேடைக்குப் பின்னால் நின்று ஒரு வடையைத் தின்றுவிட்டு, கை துடைக்கத் துணி இல்லாமல், எண்ணெய் விரலாலேயே கம்பியை ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். தொட்ட கம்பியில் சத்தம் கொஞ்சம் மங்கியிருந்தது. அப்போதுதான் ஒத்திகையில் டிரம்காரி சொன்ன கதை ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் சிலர் பொரித்த கோழி தின்ற கையைக் கழுவாமலே பேஸ் வாசிப்பார்களாம். சும்மா அளக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு வடையை எடுத்து, பிதுக்கி, நாலு கம்பியிலும் மேலிருந்து கீழாகத் தேய்க்கத் தொடங்கினேன். வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"என்னப்பா இது, படைச்ச வடையெல்லோ!"

"சரஸ்வதிக்குப் படைச்சதைத்தானே, சரஸ்வதியின்ரை கம்பிக்குப் பூசுறன். பேசாமல் அந்த டப்பாவை நீட்டுங்கோ."

நீட்டினார். புதுக் கம்பியின் சுற்று இடுக்குகளுக்குள் எண்ணெயும் மாவும் இறங்கின. சுண்டினேன். 'தும்' என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் கோயில் மணி போய்விட்டது.

மற்றப் பாட்டுகள் எப்படிப் போயின என்று எனக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பாட்டு வந்தது. ஒரே விரல், வலக்கை ஓரம் கம்பியில் படிந்தபடி. இடக்கை சுரத்தைப் பிடிப்பதும் கொல்லுவதுமாக இருந்தது. அந்த இடம் நெருங்கியது. இரண்டு உள்ளங்கைகளையும் கம்பியில் அமத்தி நிறுத்தினேன். சுத்தமாக நின்றது. டிரம் போகிறது, பாட்டுப் போகிறது, அடியில் ஒன்றும் இல்லை. எதையாவது வாசி, வாசி என்று விரல் துடித்தது. கைகளை எடுக்கவில்லை.

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். என் வீட்டுக்காரர். அறையின் கூரையைப் பார்த்தார், லைட்டுகளைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டு விறுவிறுவென்று மேடையோரம் வந்து, என் அம்பிளிஃபயரின் பிளக்கைச் சோதித்தார். அதைப் பிடுங்கித் திரும்பச் செருகிவிடுவாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. நாலாவது வட்டம் முடிந்தது. நான் உள்ளே இறங்கினேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர் திடுக்கிட்டு, பிளக்கை விட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்தார். பாட்டு முடியும்வரை அங்கேயே குந்தியிருந்தார்.

முடிந்ததும் டிரம்காரி நேராக வந்து டப்பாவைத் திறந்து, கடைசி வடையை எடுத்துக் கடித்தாள். வியாழன் ஏழு மணிக்கு ஒத்திகை, இதையும் கொண்டுவா, அந்தக் கம்பிகளை இனி யாரும் தொடக்கூடாது என்றாள். சந்தோஷத்தில் எண்ணெய்க் கையோடு அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

வீட்டுக்காரர் வயரை அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

"நீர் நிப்பாட்டின உடனை எல்லாம் விழுந்துபோச்சு. கரண்ட் போயிட்டுது எண்டெல்லோ நினைச்சன்."

"கரண்ட் போனால் லைட்டும் போயிருக்கும். எலக்ட்ரீசியனுக்கு இது தெரியாதோ?"

"ஓம், தெரியும்தான்." வயரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "பாட்டெண்டால் எனக்குக் காலிலை ஒண்டு இடிக்கும். எல்லாருக்கும் அப்பிடித்தானாக்கும் எண்டு இருந்தன். அது நீரெண்டு எனக்குத் தெரியேல்லையப்பா."

நான் வெறும் டப்பாவை மூடினேன். அவர் பேஸை உறைக்குள் வைக்கக் குனிந்தார். பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து துடைக்கும் துணியை எடுத்தார். எண்ணெயும் வடைத் தூளுமாக இருந்த கம்பிகளை ஒருமுறை பார்த்தார். துணியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, உறையை மூடினார்.