குகன் அண்ணையின் வெள்ளை வாத்து

என் இடது கைச் சுண்டுவிரலுக்கு உணர்ச்சி கிடையாது. பிறவிக் குறை அல்ல, சீனாவில் வாங்கியது. அங்கே வேலைக்குப் போனவர்கள் பட்டு, பச்சைத் தேயிலை என்று பெட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் மரத்துப்போன ஒரு விரலோடு ஹீத்ரோவில் வந்து இறங்கினேன். சுங்க அதிகாரிகள் கவனிக்கவில்லை.

அந்த விரலால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, தட்டச்சு செய்யாதவரைக்கும். நான் தமிழை ஆங்கிலப் பொத்தான்களில் ஒலியை வைத்துத் தட்டுகிறவன். ஆங்கிலத்தின் முதல் எழுத்து இந்தச் சுண்டுவிரலின் பொறுப்பில் இருக்கிறது. அழுத்தினேனா இல்லையா என்று விரலுக்கே தெரியாது. அந்த ஓர் எழுத்து விழாவிட்டால் ‘அண்ணை’ என்பது ‘அண்ணி’ ஆகிவிடும். போன வாரம் ஒருநாள் காலையிலிருந்து லண்டன் குட்மேய்ஸில், என் வீட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஐந்து இடத்தில் ‘குகன் அண்ணி’ என்று வந்திருந்தது. மனிதர் இருந்திருந்தால் ஒரு மாதம் சிரித்திருப்பார்.

அவர் இல்லை. அதனால்தான் அந்தப் பக்கம். முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் ஆட்கள் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர். படம், பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், மனைவி மக்கள் விவரம், நாலு பேரின் நாலு பக்கம். அவருடைய மனைவி வசந்தி அக்கா கிங்ஸ்பரியிலிருந்து போன் எடுத்தார்.

“தம்பி, சீனாக் காலம் எங்களுக்குத் தெரியாது. நீங்கள்தான் கூட இருந்தனீங்கள். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கவேணும்.”

“ஓம் அக்கா.”

“அந்த வாத்துக் கதையை மறந்திடாதேங்கோ.”

பிரச்சினை இதுதான். அந்த வாத்து பொய்.

நானும் குகன் அண்ணையும் நிங்போ என்ற ஊரில் இரண்டு வருடம் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். அவர் ஆறாம் மாடி, நான் நாலாம் மாடி. லண்டன் கம்பனி ஒன்றுக்காக மின்சாரக் கேத்தில்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. அதாவது காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் கொதிக்கவைத்துப் பார்ப்பது. “பெரிய படிப்புப் படிச்சுப்போட்டுச் சீனாவிலை போய்ச் சுடுதண்ணி வைக்கிறாய்” என்பார் அண்ணை. அவர் பக்கத்துத் தொழிற்சாலையில் கணக்காளர். குடும்பம் லண்டனில், கிங்ஸ்பரியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு போனில் கதைப்பார். அவளுக்கு அப்போது எட்டு வயது.

அங்கே வெளிநாட்டுக்காரர்களின் சைக்கிள் கழகம் ஒன்று இருந்தது. ஜெர்மன்காரர் ஒருவர் தலைவர். மூங்கில் காடுகளுக்குள்ளே மலை ஏறி இறங்குவார்கள், மாதம் ஒருமுறை பந்தயமும் வைப்பார்கள். அண்ணை ஊரில் சிவராத்திரிக்குச் சிவராத்திரி சைக்கிளில் முறிகண்டிப் பிள்ளையார் கோவில்வரை போய் வந்த ஆள். விடுவாரா? சேர்ந்தார். தனியாகச் சேர வெட்கமாக இருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு சேர்ந்தார்.

சைக்கிளில் என்னுடைய தகுதியையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டியில் ‘மெதுவாகச் சைக்கிள் ஓட்டுதல்’ என்று ஒரு நிகழ்ச்சி இருக்கும். கால் ஊன்றாமல் கடைசியாக வருகிறவன் வெற்றி. அதில் நான் இரண்டு வருடம் முதலாம் இடம். ஜெர்மன்காரரிடம் ‘சாம்பியன்’ என்று மட்டும் சொன்னேன், எதில் என்று அவரும் கேட்கவில்லை. பின்பக்கம் பஞ்சு வைத்த கறுப்புக் காற்சட்டை ஒன்று தந்தார்கள். தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சாமான். மானத்துக்காக அதற்கு மேல் ஒரு நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு முதல்நாள் போனேன். மலையடிவாரத்தில் அதன் கால் சங்கிலிக்குள் போய், என்னைச் சைக்கிளிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இன்றைக்கும் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வெட்டினால் எனக்கு அந்த மலைதான் ஞாபகம். எல்லோரும் வண்ண வண்ணப் போத்தல்களில் ஏதோ பொடி கரைத்துக் குடிக்க, அண்ணை மட்டும் தேசிக்காய்ப் புளியும் உப்பும் சீனியும் கலந்து கொண்டுவருவார். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அவர் போத்தலைத் திறந்தால், பின்னால் வருகிற எனக்கு வாயூறும். ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் ஒருநாள் வாங்கிக் குடித்துவிட்டு, அதற்குப் பிறகு பந்தயத்துக்கு வரும்போதெல்லாம் தன் வெற்றுப் போத்தலை முதலில் எங்களிடம் நீட்டுவார்.

அண்ணைக்கு ஒரு ஆசை இருந்தது. முதல் மூன்று பேருக்குச் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் கொடுப்பார்கள். மற்ற எல்லோருக்கும் ஆறுதல் பரிசாக எங்கள் தொழிற்சாலைக் கேத்தில். ஆறு, ஐந்து, ஒருமுறை நாலு என்று அவர் வந்துவிட்டார். கிண்ணம் மட்டும் கிடைக்கவில்லை. பந்தய ஞாயிறுகளில் போனில் மகளின் குரல் எனக்கே கேட்கும்.

“அப்பா, டிட் யூ வின்?”

“அடுத்த முறை குஞ்சு.”

அந்த அடுத்த முறைகளும் தீர்ந்து, அவர் லண்டனுக்குத் திரும்புவதற்கு முந்திய கடைசிப் பந்தயம் வந்தது. மார்ச் மாதம். மழைத் தூறல். விரல்கள் காலையிலேயே கட்டைபோல் ஆகிவிட்டன. அண்ணை என் வேலையை விளங்கப்படுத்தினார்.

“நீ முன்னுக்குப் போ. காத்தை வெட்டிக்கொண்டு போ. நான் உனக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு வாறன். கடைசி ஏத்தத்திலை நீ விலகு, நான் போறன்.”

“முன்னுக்குப் போய்ப் பழக்கமில்லை அண்ணை.”

“தெரியும். இண்டைக்கு ஒருநாள் போ.”

போனேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், நன்றாகவே போனேன். மலை உச்சியைக் கடக்கும்போது எங்களுக்கு முன்னால் இரண்டு பேர்தான். பின்னால் வெகுதூரத்துக்கு ஒருவரும் இல்லை. ஒன்றும் செய்யாமல் வந்து சேர்ந்தாலே மூன்றாம் இடம் அண்ணைக்கு. இறக்கத்தின் அடியில், கடைசி ஏற்றத்துக்கு முன்னால், ஒரு கிராமம். மழைக்கு ஓலைத்தொப்பி போட்ட கிழவிகள் சின்னப் பிளாஸ்டிக் கதிரைகளில் தெருவோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அலுமினியச் சட்டியில் கரண்டியால் அடித்தாள். எல்லோரும் கையைத் தூக்கி ஒரே குரலில் கத்தினார்கள்.

இங்கே கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிளில் போகும்போது வழியில் செத்தவீடு வந்தால் ஏறியிருந்தபடி கடக்கக்கூடாது. ஐயோ என்ற குரல் கேட்டதும் இறங்கி, உருட்டிக்கொண்டு போய், வாசல் தாண்டியபிறகுதான் மறுபடி ஏறவேண்டும். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை, கால் தானாகப் பழகிவிடும். நான் படித்த சண்டைக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் அடிக்கடி இறங்கவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பாதித் தூரம் ஓடி, பாதித் தூரம் உருட்டிய மாதங்களும் உண்டு.

சீனர்கள் போட்டியில் உற்சாகப்படுத்தக் கத்துவது ‘ஜியா யோ’. எண்ணெய் ஊற்று என்று அர்த்தமாம். அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் தொழிற்சாலையில் மாதக் கடைசியில் மேலாளர் அதைத்தான் கத்துவார். ஆனால் காற்று முதல் எழுத்தைத் தின்றுவிட்டது. கிழவிகளின் இழுத்த குரலில் எனக்கு வந்து சேர்ந்தது மிச்சம் மட்டும்தான்.

“யா... யோ...! யா... யோ...!”

நான் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை பிரேக்கைப் பிடித்தது. மரத்த கைக்கு எவ்வளவு பிடிக்கிறோம் என்று தெரியாது, முழுவதும் பிடித்துவிட்டது. வலது கால் தூக்கி இந்தப்பக்கம் வந்தது. எனக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வந்த குகன் அண்ணைக்கு நான் இறங்கப்போகிறேன் என்று எப்படித் தெரியும்? பந்தயத்தில் இறங்குகிற மனிதன் உலகத்தில் உண்டா? வந்து அடித்தார். இரண்டு பேரும் இரண்டு சைக்கிளும் ஒரு குவியலாகத் தெருவில் கிடந்தோம். என் இடது முழங்கை கல்லில் மோதியது. சுண்டுவிரலின் நரம்பு போன இடம் அதுதான்.

முதலில் எழும்பியவர் அவர். முழங்காலில் இரத்தம்.

“டேய், என்னடா நடந்தது?”

செத்தவீடு என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? கிழவிகள் எங்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் ஒரு குட்டை தெரிந்தது.

“வாத்து அண்ணை.”

“வாத்தோ?”

“ஓம். வெள்ளை வாத்து. குறுக்கை ஓடினது.”

அவர் தெருவைப் பார்த்தார். குட்டையைப் பார்த்தார். என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். அதற்குள் நாலைந்து பேர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவருடைய முன்சக்கரம் எட்டுப்போல் வளைந்திருந்தது. “சரி, வா” என்றார். கிராமம் முடியும்வரை இரண்டு பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். கிழவிகள் கடைசிவரை “யா யோ” சொல்லி வழியனுப்பினார்கள். பந்தய முடிவில் ஆளுக்கொரு கேத்தில் தந்தார்கள்.

லண்டனுக்கு வந்தபிறகு அந்த வாத்து வளர்ந்தது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, சட்டனில் ஒரு கலியாணவீடு, எங்கே நாலுபேர் கூடினாலும் அண்ணை என் இடப்பக்கத்தில் உட்கார்ந்து தொடங்குவார். “இவனுக்கு முன்னாலை ஒரு வாத்து.” அடுத்த வருடம் வாத்துக்கு ஆறு குஞ்சுகள். அதற்கு அடுத்த வருடம் வாத்தின் சொந்தக்காரி தடியோடு துரத்தினாள். கதையின் நடுவில் என் பக்கம் திரும்பி, “எப்பிடியடா கத்தினது?” என்பார். நான் கத்தவேண்டும். “பிழை, அது இன்னும் பெரிய வாத்து” என்பார். நான் இன்னும் பெரிதாகக் கத்துவேன். சனம் சிரிக்கும். அவர் இழந்த கிண்ணத்துக்கு இதையாவது கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுத்து, வாத்தாகத்தான் கத்தியிருக்கிறேன்.

போன மாதம் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

தகனசாலை மண்டபத்தில் நான் மூன்றாம் வரிசையில் நின்றேன். வசந்தி அக்கா பெட்டியைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ... ஐயோ...” என்று அழுதார். எனக்கு அது ‘ஜியா யோ’ என்று கேட்டது. சத்தியமாக. ஓலைத்தொப்பி, சட்டி, தூறல் எல்லாம் வந்தன. அழுகை வரவில்லை. பக்கத்தில் நின்றவர் என் தோளில் தட்டி, “மனதைத் திடப்படுத்துங்கோ” என்றார். என்னிடம் திடம் மட்டும்தான் இருந்தது. சுண்டுவிரலின் மரப்பு மெல்ல மெல்ல மேலே ஏறி முழு ஆளும் மரத்துவிட்டதுபோல. இன்னும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை எழுதியதை எடுத்துக்கொண்டு கிங்ஸ்பரிக்குப் போனேன். உண்மையை எழுதியிருந்தேன். அச்சில் ஏறுகிற விஷயத்தில், அதுவும் அவர் படத்துக்குக் கீழே, பொய் எழுதக் கை வரவில்லை. அக்கா குசினியில் இருந்தார். தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டார். எங்கள் தொழிற்சாலைக் கேத்தில், நான் சோதித்து அனுப்பியது, இன்னும் கொதிக்கிறது. நின்றபடியே முழுப் பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். கேத்தில் டக் என்று நின்றது.

“வாத்து இல்லை எண்டு அவருக்குத் தெரியும் தம்பி.”

“என்னக்கா?”

“ரோட்டிலை ஒரு இறகுகூட இல்லை எண்டவர். வந்த கிழமையே சொன்னவர். இவன் என்னத்தையோ கேட்டு வெருண்டிட்டான், முகம் சரியில்லை, கேக்கக்கூடாது எண்டு.”

“பிறகேன் ஊரெல்லாம் சொன்னவர்?”

“நீங்கள் ஒருக்கால் வாத்து எண்டு சொல்லிப்போட்டியள் எல்லோ. அதை உண்மையாக்கிவிடவேணும் எண்டு சொல்லுவார். குஞ்செல்லாம் அதுக்குத்தான் பொரிச்சவர்.” கோப்பையை என் பக்கம் தள்ளினார். “சீனி காணுமோ?”

“காணும் அக்கா, போதும்.”

“வாத்தையே போடுங்கோ தம்பி. அவர் வளர்த்தது.”

ரயிலில் வரும்போதே போனில் மாற்றி எழுதினேன், வலது கைப் பெருவிரலால். ஒன்பதாம் பக்கத்தில் வந்திருக்கிறது. வெள்ளை வாத்து, ஆறு குஞ்சு, தடியோடு சொந்தக்காரி. ‘குகன் அண்ணி’ ஒரு இடத்தில் தப்பிப் போய் அச்சாகிவிட்டது.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டு மண்டபத்தில் கல்வெட்டை எல்லோருக்கும் கொடுத்தார்கள். அண்ணையின் மகள், இப்போது வேலைக்குப் போகிறவள், ஒன்பதாம் பக்கத்தை விரித்தபடி என் மேசைக்கு வந்தாள்.

“மாமா, அந்த டக் எப்பிடிக் கத்தினது?”

கத்தினேன். பாயசம் வைத்துக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரித்தாள். நான் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பி, அண்ணை “பிழை” என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். அங்கே யாரோ ஒருவர் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்.