இரண்டேகால் ராத்தல்

"அரை பலம் கொறையுது, பாப்பம்மா."

"வெயில்ல வாடியிருக்கும் சாமி."

"காலைல ஏழு மணிக்கு ஓசூர்ல என்னா வெயிலு?"

கூடைக்காரி சிரித்துக்கொண்டே இன்னொரு கத்தரிக்காயைத் தராசுத் தட்டில் போடுகிறாள். இப்போது எடை கூடிவிட்டது. நாராயணப்பன் அதற்கும் ஒப்புக்கொள்ளமாட்டார். சின்னதாக ஒரு காயைப் பொறுக்கி அவள் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டு, முள் நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். பிறகுதான் காய் வீட்டுக்குள் போகும். கடையில் நிறுத்த புளி, செட்டியார் நிறுத்த வெல்லம், பால்காரன் அளந்த பால், எல்லாவற்றுக்கும் இந்த வாசலில் இரண்டாவது விசாரணை உண்டு. "எடை போட்டா தெரிஞ்சிரும்" என்பார். அவர் வாயில் அதிகம் புழங்கும் வாக்கியம் அதுதான்.

அறுபதைத் தொட்ட உடம்பு, ஒல்லி. வெளுத்துப்போன காக்கி அரைக்கோட்டு. காதில் ஒரு பென்சில். முப்பது வருஷம் எடைக்கற்களுக்கும் படிகளுக்கும் முத்திரை போடும் உத்தியோகத்தில் இருந்தவர். தேன்கனிக்கோட்டைச் சந்தை முதல் ஊத்தங்கரைச் சந்தைவரை அவர் தலை தெரிந்தால் வியாபாரிகள் கல்லை மாற்றுவார்களாம். ஒரு வாழைப்பழம்கூட யாரிடமும் சும்மா வாங்கித் தின்றதில்லை. இதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. அவரைத் திட்டுகிற வியாபாரிகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். ஆகையால் அந்த வீட்டில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது என்று தப்பித்துக்கொள்ள வழியில்லை.

அவர் மனைவி சென்னம்மாள் கல்லாவிக்காரர். அந்த வெக்கை பூமியில் பிறந்தவருக்கு ஓசூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஐப்பசி பிறந்தால் விரல் மூட்டுகள் வீங்கிவிடும். சொம்பைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். புருஷன் ஊர் ஊராக மாற்றலாகும்போதெல்லாம் வாடகை வீட்டுக் கிணற்றடியில் குளித்தே காலம் தள்ளியவர். "ரிட்டையர் ஆவட்டும், உனக்குன்னு ஒரு வெந்நீர் அண்டா பதிச்சித் தரேன்" என்று நாராயணப்பன் முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்த வீடு கட்டியதும் சொன்னபடி ஆளைக் கூப்பிட்டார். அது போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து ஐப்பசி.

வந்த ஆள் கான்ட்ராக்டர் ஆஞ்சப்பன். குளியலறைச் சுவரை ஒட்டிச் செங்கல் அடுப்பு கட்டி, அதில் செப்பு அண்டாவைப் பதித்து, உள்ளே குழாய், மேலே தகரப் புகைபோக்கி, எல்லாம் ஒரே கான்ட்ராக்டாகச் செய்து தருபவர். பெங்களூர் தண்டு என்கிற ராணுவக் குடியிருப்பில் வெள்ளைக்கார பங்களாக்களுக்கு இந்த வேலை செய்து பழகியவர் என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஆயித்து சார்" என்பார். கன்னடத்தில் அதற்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆரம்பிக்காத வேலைக்கும் அவர் அதையே சொல்வார். என் வீட்டு அடுப்பும் அவர் கட்டியதுதான். பில் அதிகம் என்று எனக்குத் தெரியும். தகடு மெல்லிசு என்பதும் தெரியும். குளிர்காலத்தில் யார் சண்டை போடுவது என்று கேட்டதைக் கொடுத்துவிட்டுத் தினமும் சுடச்சுடக் குளித்துக்கொண்டிருக்கிறேன்.

நாராயணப்பன் வீட்டு அடுப்பை முதன்முதலில் மூட்டிய அன்றே கோளாறு. புகை மேலே போகாமல் குளியலறைக்குள் வந்தது. சென்னம்மாள் கண் சிவந்து, இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். குழாய் வேறு ஒழுகியது. மூன்று முறை ஆள் அனுப்பியும் ஆஞ்சப்பன் வரவில்லை. பில் மட்டும் வந்தது. புகைபோக்கி எட்டடி, செம்பு இருபத்திரண்டு ராத்தல் என்று எழுதியிருந்தது.

நாராயணப்பன் ஏணி போட்டு ஏறிப் புகைபோக்கியை அளந்தார். ஐந்தரை அடி. நேரே பட்டறைக்குப் போய்க் கேட்டார். ஆஞ்சப்பன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"ஆயித்து சார், பாக்கி ரெண்டரை அடி தனியா எடுத்து வெச்சிருக்கன். வெள்ளிக்கெழமை மாட்டிட்டுக் கொழாயையும் பாத்துடறன். நீங்க எதுக்கு அலையறீங்க?"

விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை ஆஞ்சப்பன் வந்தும் இருப்பார். ஆனால் புகைபோக்கியில் ஏமாற்றியவன் செம்பில் விட்டிருப்பானா என்ற எண்ணம் நாராயணப்பனுக்குள் புகுந்துவிட்டது. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை கடப்பாரையும் கையுமாகக் குளியலறைப் பக்கம் நின்றார். அடுப்பைப் பிரித்து அண்டாவை வெளியே எடுத்து நிறுத்துப் பார்ப்பதென்று முடிவு.

எடை போடுவதற்காகக் கட்டின அடுப்பை இடிக்கிறவர் இந்த உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா தெரியாது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் சுவரைத் தாண்டிக் குதித்து வந்து நின்றேன்.

சென்னம்மாள் சமையலறை வாசலில் நின்றார். "ஏங்க, வேணாங்க. அது அங்கியே இருக்கட்டும். வெள்ளிக்கெழம வரேன்னு சொல்லியிருக்கானில்ல?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரய்யா, நீங்களாச்சும் சொல்லுங்க."

நாராயணப்பன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. "விடாதீங்க சார், இன்னிக்கு அவனைப் பிடிச்சிடலாம்" என்றேன். முதல் செங்கல் பெயர்ந்து விழுந்தது.

அண்டாவைக் கைவண்டியில் ஏற்றி எண்ணெய் மண்டிக்குக் கொண்டுபோனோம். வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளியவன் நான்தான். மண்டி முதலாளி வெங்கடப்பன் பெரிய தராசைக் கட்டச் சொன்னார். கடைத்தெரு கூடிவிட்டது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஆளாளுக்கு எடையை ஊகித்தார்கள். நாராயணப்பன் ஒவ்வொரு கல்லையும் புரட்டி முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். பத்தொன்பதே முக்கால் ராத்தல். குறைந்தது இரண்டேகால். அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உத்தியோகத்தில் இருந்தபோது எப்படி இருந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"உங்க வீட்டுதும் எடை போட்டுப் பாத்துடலாமா வாத்தியாரே?" என்று உற்சாகமாகக் கேட்டார்.

"எங்க வீட்டுல தெனம் குளிக்கணுமே சார்" என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தப் பதிலில் இருந்த அயோக்கியத்தனம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆஞ்சப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஈயம், பற்றவைப்பு, வெட்டின கழிவு எல்லாம் சேர்த்துத்தான் தொழிலில் எடை என்று அவர் சாதித்தார். கடைசியில், "நான் கட்டினதை நீங்களே இடிச்சிட்டீங்க சார். இனி எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஓசூரில் இந்த வேலை செய்பவர்கள் மூன்று பேர். ஒருவர் பதித்த அடுப்பில் வழக்கு தீராமல் இன்னொருவர் கைவைப்பதில்லை என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. மற்ற இருவரும் வந்து பார்த்தார்கள், காபி குடித்தார்கள், "ஆஞ்சப்பன்கிட்ட ஒரு வார்த்தை வாங்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாராயணப்பன் வார்த்தை வாங்கப் போகவில்லை. குறைத்து நிறுத்தவன்தான் வரவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

கார்த்திகை போயிற்று. மார்கழி வந்தது. அண்டா வாசலில் கவிழ்ந்து கிடந்தது. சென்னம்மாள் சமையலறையில் சின்னப் பானையில் தண்ணீர் காய வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பனி கொட்டும் முற்றத்தைத் தாண்டிக் குளியலறைக்குக் கொண்டுபோவார். இரண்டாவது பானை வருவதற்குள் முதல் பானை ஆறிவிடும். என் வீட்டுக் குளியலறை ஜன்னல் வழியாக இது தெரியும். ஒரு நாள் நான் உள்ளிருந்து அந்த ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

தை மாதம் கல்லாவியிலிருந்து சென்னம்மாளின் தங்கை மகள் ருக்மணி வந்திருந்தாள். அவள் கிளம்பும்போது சென்னம்மாளும் ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பினார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பஸ் ஏறும்போது புருஷனிடம் சொன்னது ஒன்றுதான். "தண்ணி காஞ்சா ஒரு காயிதம் போடுங்க."

மாசியில் வெங்கடப்பன் தலையிட்டுச் சமரசம் செய்தார். ராத்தலுக்கு மூன்று ரூபாய் வீதம் ஆறேமுக்கால் ரூபாயைப் பில்லில் தள்ளி, தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார் ஆஞ்சப்பன். அடுப்பையும் புதிதாகக் கட்டினார். இந்தத் தடவை நாராயணப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, வேலை சுத்தமாக இருந்தது. குழாய் ஒழுகவில்லை. புகை நேராக மேலே போனது. சென்னம்மாள் ஊருக்குப் போனதைக் கேட்டு ஆஞ்சப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பனே சார்!" என்றார். உண்மையாகவும் இருக்கலாம், அவர் வழக்கமான ஆயித்தாகவும் இருக்கலாம்.

நாராயணப்பன் அன்றே கார்டு போட்டார். 'தண்ணீர் நன்றாகக் காய்கிறது. புகை இல்லை.' பத்து நாளில் ருக்மணியின் கையெழுத்தில் பதில் வந்தது. 'பெரியம்மா சௌக்கியம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. வெந்நீர் தேவைப்படவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.' அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "மழ பேஞ்சா வந்துருவா" என்றார்.

மழை பெய்தது. ஆடியில் அவரே கல்லாவிக்குப் போய்வந்தார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மூட்டை வறுத்த நிலக்கடலை. சென்னம்மாள் சாப்பாடு போட்டு, கடலையும் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாராம்.

"வான்னு கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கூப்புடலை."

"ஏன் சார்?"

காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எடை கொறைஞ்சது கொறைஞ்சதுதான் வாத்தியாரே. அதுல தப்பில்ல. ஆனா அவ ஒண்ணு சொன்னா. 'நான் வேணாம்னு சொன்னப்ப நீங்க என் மூஞ்சியப் பாக்கல. வாத்தியாரு மூஞ்சியத்தான் பாத்தீங்க'ன்னா. அதுக்கு அப்பறம் என்னான்னு கூப்புடறது?"

என்னைக் குறை சொல்வதற்காக அவர் இதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். கணக்கு வாத்தியாரான நான்தான் அன்றிரவு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'விடுங்க சார், அம்மா குளிக்கட்டும்' என்று நான் சொல்லியிருந்தால் அவர் கடப்பாரையைக் கீழே வைத்திருப்பார். சொல்வதற்கு ஒரு காசு செலவில்லை. வேடிக்கை பார்க்கும் ஆசையில் சொல்லாமல் விட்டேன்.

இந்தக் கார்த்திகையில் மறுபடி குளிர் இறங்கியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை காலை, செய்தித்தாளைத் திருப்பிக் கொடுக்கலாமென்று அவர் வீட்டுப் பின்பக்கமாகப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை, சென்னம்மாள் இங்கே இருந்தவரை எண்ணெய் தேய்த்துக்கொண்ட நாள். நாராயணப்பன் குழாயைத் திறந்து வாளியில் வெந்நீர் பிடித்தார். கையை விட்டுப் பார்த்தார். சூடு அதிகம் போலிருந்தது. ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றி விளாவினார். மறுபடி கையை விட்டுப் பார்த்து, இன்னும் அரைச் சொம்பு ஊற்றினார். பிறகு அந்த வாளியைக் குளியலறைக்குள் தூக்கிக்கொண்டு போய், குனியாமல் மொள்ளும்படி முக்காலியின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். என்னை அவர் பார்க்கவில்லை. ஒரு வாளி பச்சைத்தண்ணீர் சேந்தி, அப்படியே தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.