லோரிக்காரருக்கு வாங்கிய கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு, அவராக வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் கம்ப்யூட்டர். செயற்கைக் கால்கூட அவர் கேட்கவில்லை. அதை ஆஸ்பத்திரியில் அவர்களே கொடுத்தார்கள். அது கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தது.

லோரி ஓட்டிப் பிழைத்தவர் அவர். மலாக்காவில் சரக்கு ஏற்றினால் ஒரு நாள் கிள்ளான் துறைமுகம், ஒரு நாள் ஜொகூர். வீட்டில் இருக்கும் நாளிலும் காதில் எஞ்சின் சத்தம் ஓடுகிறது என்பார். சர்க்கரை வியாதி சுண்டுவிரலில் ஒரு கொப்புளமாக வந்து காலையே கேட்டது. கம்பெனி முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டுப் போனார். சர்க்கரைக்காரனுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு! அந்தப் பழம் அழுகும்வரை நான் அதைத் தொடவில்லை.

அதன் பிறகு காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சாப்பிடுங்க என்றால் சாப்பிடுவார். ஊசி போடும் நேரம் என்றால் சட்டையைத் தூக்குவார். கோபம்கூட வரவில்லை. கோபப்படாத என் புருஷனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பிள்ளைகளும் இல்லாத வீடு. நான் பத்து பெரெண்டாம் பக்கம் ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டால் அவருக்குப் பேச்சுத்துணை மின்விசிறிதான்.

அவரோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் ஒரு நாள் பார்க்க வந்து, கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். கம்ப்யூட்டரில் லோரி ஓட்டும் விளையாட்டு. ஸ்டியரிங், கியர், கண்ணாடி, சிக்னல், டீசல் முள் எல்லாம் அப்படியே. அதைப் பார்த்து இவர் சிரித்தார். "பிரேக்க பாரு, காத்து எறங்குற சத்தம் வருது!" என்றார். வந்தவர் போன பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு கம்ப்யூட்டர் என்னா வெல வரும்?" என்று கேட்டார். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். இவர் மறுபடி லோரி ஓட்ட வேண்டும். நிஜமோ பொம்மையோ, ஓட்டினால்தான் இந்த ஆள் எனக்கு மிஞ்சுவார்.

புதிதாக வாங்க வக்கில்லை. ஆபிஸ்களில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களைத் துடைத்து விற்கும் கடை ஒன்று டவுனில் இருந்தது. ஒல்லியான கறுப்புப் பெட்டி ஒன்றை அங்கே வாங்கினேன். யாரோ ஆபிஸ் கிராணி அதில் கணக்குப் போட்டுக் காலத்தை ஓட்டியிருப்பார். பழைய ஸ்டியரிங் செட் ஒன்றும் அதே கடையில் கிடைத்தது. பெடல்களை இடது பக்கம் தள்ளி வைத்து, இருக்கும் காலாலேயே வேகமெடுக்கும் எண்ணெய்ப் பெடலையும் பிரேக்கையும் அமுக்கப் பழகிக்கொண்டார். பழகியதைச் சொல்லும்போது மட்டும் மீசையைத் தடவினார்.

விளையாட்டு ஓடவில்லை. லோரி நாலு அடி போகும், நிற்கும், யோசிக்கும், பிறகு எங்கேயோ போய் முளைக்கும். கடைக்காரர் சீன இளைஞர். எங்களிடம் மலாயில்தான் பேசுவார், என்னை அக்கா என்பார். மெமரி குறைவு என்றார். மெமரி வாங்கிப் போட்டேன். ஹார்ட் டிஸ்க் கிழடு என்றார். மாற்றினேன். பெட்டியைத் திறந்து எல்லாம் நானே செய்தேன். ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து சிப்பு சிப்பாகப் பார்த்துக் கழிக்கும் வேலை எனக்கு. முதலில் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் கரண்டை இறக்கிவிட்டுத்தான் எதையும் தொடுவேன். அவர் பக்கத்தில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்பார். டார்ச்சை மட்டும் நேராகப் பிடிக்க மாட்டார். நான் திருகாணியைத் தேடினால் அவர் என் மூக்குக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருப்பார். எரிச்சலாக வரும்.

லோரி ஓட ஆரம்பித்தது. நான் வேலை முடிந்து வாசலில் வரும்போதே உள்ளே எஞ்சின் உறுமும். "சாப்பிட்டீங்களா?" என்றால், "இரு, மேடு ஏறிக்கிட்டு இருக்கேன்" என்று பதில் வரும். அந்த ஒரு பதிலுக்காக எத்தனை ஓவர்டைம் வேண்டுமானாலும் செய்யலாம் என்று இருந்தது. விளையாட்டில் எவ்வளவோ ஊர்கள், பாலங்கள், பனி பெய்யும் மலைகள். இவர் ஓட்டியதோ ஒரே பாதை. ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு மலையூர், மலையூரிலிருந்து அதே துறைமுகம். "காசு குடுத்து வாங்குனது, வேற ஊருக்கும் போய்ப் பாக்கலாம்ல?" என்று கேட்டேன். "லோட் இங்கதான் கெடைக்குது" என்றார். பொம்மைச் சரக்குக்கு இவ்வளவு விசுவாசமா என்று கேலி செய்தேன்.

ஆனால் திருப்தி வரவில்லை. "மங்கலா இருக்குலா. படம் தெளிவா இல்ல." வாரம் ஒரு தடவை இதைச் சொல்வார். கடைக்காரரிடம் சொன்னேன். அந்தக் கம்ப்யூட்டரில் படத்துக்கென்று தனியாக கிராபிக்ஸ் கார்டு இல்லை, தெளிவாக வேண்டுமென்றால் அது வேண்டும் என்றார். ஆனால் எங்கள் பெட்டி ஒல்லி. "கேசிங் கெச்சில் லா, அக்கா" என்று கையால் உயரத்தைக் காட்டினார். பெட்டி சின்னது, சாதாரண கார்டு உள்ளே போகாது. பெரிய பெட்டிக்கு மாற்றலாம் என்றால் உள்ளே இருக்கும் போர்டு அதில் பொருந்தாது. பெரிய கார்டுக்குக் கரண்டு கொடுக்க பவர் சப்ளைக்கும் சக்தி இல்லை. ஒன்றை மாற்றப் போனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அரை உயரத்தில், குறைந்த கரண்டில் ஓடும் பழைய கார்டு எப்போதாவது வரும், வந்தால் சொல்கிறேன் என்றார்.

காத்திருந்தோம். நடுவில் இவர், மானிட்டர் சின்னது என்றார். தெங்கேராவில் வீடு காலி செய்தவர்களிடம் பெரிய டிவி ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். நாற்காலியை அதனருகே இழுத்துப் போட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் இழுத்தார். சினிமாக் கொட்டகையில் முதல் வரிசையில் உட்கார்ந்தவரைப் போல அண்ணாந்துகொண்டு ஓட்டினார். "கார்டு வரட்டும், எல்லாம் சரியாயிரும்" என்றார். நானும் அதையே சொன்னேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்டது அந்தக் கார்டைப் பற்றித்தான்.

கடைசியில் வந்தது. உள்ளங்கை நீளத்தில் ஒரு சின்ன விசிறியோடு, பழையதுதான். அதை வீட்டுக்குக் கொண்டுவரும் முன், ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் வைத்தேன். குருக்கள் குனிந்து பார்த்து, "இது என்னம்மா?" என்றார். "கம்ப்யூட்டர் சாமான், சாமி." "யார் பேருக்கு அர்ச்சனை?" வீட்டுக்காரர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். கார்டின் ஓரத்தில் குருக்கள் வைத்த குங்குமத்தைப் பயந்து பயந்து துடைத்தேன்.

ஞாயிறு காலை மாட்டினேன். இந்தக் கார்டு இருந்தால்தான் ஓடும் என்று கடைக்காரர் விளையாட்டின் புதுப் பதிப்பையும் கொடுத்திருந்தார். திரை வந்ததும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். தார் ரோட்டில் ஈரம் மின்னியது. எதிரே வரும் காடியின் நம்பர் பிளேட்டை என்னால் படிக்க முடிந்தது. "எப்டிங்க?" என்றேன். "ஆங், இப்பதான் தெளிவா இருக்கு" என்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

துறைமுகத்திலிருந்து கிளப்பினார். கியரை மாற்றினார். புதுப் பதிப்பில் ரோட்டை மாற்றியிருக்கிறார்கள். முன்பு நேராகப் போன இடத்தில் இப்போது பெரிய ரவுண்டபோட், நடுவில் புல்லும் விளக்குக் கம்பமும். அது எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. நேராகப் போய்க் கம்பத்தில் மோதினார்.

"கார்ட சரியா செட் பண்ணல" என்றார்.

"மறுபடி போங்க."

மறுபடியும் போனார். மறுபடியும் அதே கம்பம். "நிப்பாட்டுங்க. அந்தப் போர்டுல என்ன போட்ருக்கு?" என்றேன். பலகையில் பெரிய வட்டமும் மூன்று அம்புக்குறியும் இருந்தன.

"நேரா போனா மலைக்கு" என்றார் இவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல. அது பழைய பதிப்பில் இருந்த பலகை.

கையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி, எத்தனை விரல் என்று கேட்டேன். "போடி அங்கிட்டு" என்று தட்டிவிட்டார். தட்டிய கை என் கையில் படவில்லை, காற்றில் போனது.

அன்றைக்கு மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஓட்டுநர் லைசன்ஸைப் புதுப்பிக்க ஒவ்வொரு தடவையும் கண் பரிசோதனை உண்டு. முதலில் உள்ளே போய் வரும் டிரைவர், சுவரில் தொங்கும் எழுத்துகளை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு வந்து, எதிர்த்த கடையில் டீ குடிக்கும் மற்றவர்களுக்குச் சொல்வாராம். எல்லோரும் ஒப்பித்துவிட்டுப் போவார்களாம். அதை யாரும் பித்தலாட்டம் என்று நினைத்ததில்லை. பிள்ளை குட்டிக்காரர்கள், லைசன்ஸ் போனால் சோறு போகும், ஆளுக்கு ஆள் உதவி, அவ்வளவுதான். இவர் அப்படித்தான் கடைசிச் சில வருஷங்களை ஓட்டியிருக்கிறார். நிஜ ரோட்டில். நிஜ லோரியை. கம்ப்யூட்டரிலும் அதே வித்தைதான். ஆரம்பத்தில் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. தெரிந்தபோதே ஒரு பாதையை மனதில் ஏற்றிக்கொண்டார். எந்த இடத்தில் எஞ்சின் முனகும், எத்தனை மூச்சு விட்டால் வளைவு வரும் என்று காதாலேயே ஓட்டியிருக்கிறார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கார்டு வந்தா சரியாயிரும்னு நெனச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பியிருக்கிறார்.

சிப்பில் ஒரு மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவள் கட்டின புருஷன் கண்ணைக் கவனிக்கவில்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சிப்பு நடிக்காது என்றேன். அதற்கு மேல் கேட்டவர்களுக்குக் காப்பித்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. பிள்ளையாரிடமும் சண்டைக்குப் போக முடியவில்லை. நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். படம் தெளிவாகத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து கசிந்து உறைந்துவிட்டது என்றார்கள். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றத்தான் இதெல்லாம், போனது திரும்பாது என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இருப்பதும் தங்கவில்லை. தீபாவளி வருவதற்குள் பகலா இரவா என்பது மட்டும் தெரிந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிந்தது.

கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். கழற்றவும் விடவில்லை. மறுபடி சுவரைப் பார்த்து உட்காரத் தொடங்கினார். சுவர் எது என்று இப்போது அவருக்கு எப்படித் தெரியுமோ, சரியாக அதே பக்கம் திரும்பித்தான் உட்காருவார். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். எதற்குச் செய்கிறோம் என்று யோசித்தால் கை ஓடாது என்பதால் யோசிக்காமல் செய்தேன்.

ஒரு சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே எஞ்சின் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். நாற்காலியில் நேராக உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டிவியை அணைத்து வைத்திருந்தார்.

"டிவி போடலயா?"

"எனக்கெதுக்கு? கரண்டுதான் வேஸ்ட்."

"எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. ஓரமா நிப்பாட்டி வச்சிருக்கேன். எஞ்சின் மட்டும் ஓடட்டும்." கொஞ்சம் நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். "பின்னால ஒரு மடையன் சும்மா ஹார்ன் அடிச்சிக்கிட்டே இருக்கான். நான் ஓரமாத்தான நிக்கிறேன்? பாத்து சொல்லு."

டிவியைப் போட்டேன். நட்டநடு ரோட்டில், குறுக்காக, லோரி நின்றுகொண்டிருந்தது. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் காடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நம்பரும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"ஓரமாத்தாங்க நிக்குது" என்றேன். டிவியை அணைத்தேன்.